விடையை விட வினா: கணிதச் சங்கங்களும் அவற்றின் ஆண்டு மாநாடுகளும்

கணிதத்திற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, தாளும் எழுதுகோலும் தனிமையும் வாய்த்தால் போதும் என்பது நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணம். ஒரு தேற்றம், அதாவது ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்ட கூற்று, சென்னையில் மெய்யென்றால் லாகூரிலும் மெய்யே ஆதலால், அதைச் சரிபார்ப்பதற்காக ஒருவர் மற்றொருவரை நேரில் காண வேண்டிய கட்டாயமும் இல்லை. அவ்வாறிருந்தும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கணித அறிஞர்கள் நாடுதோறும் சங்கம் அமைக்கத் தொடங்கினர்; மாஸ்கோவில் 1864இலும், லண்டனில் 1865இலும், பாரிஸில் 1872இலும், எடின்பரோவில் 1883இலும், நியூயார்க்கில் 1888இலும் அத்தகைய அமைப்புகள் தோன்றின. தனித்திருந்து செய்யத்தக்கதெனக் கருதப்படும் ஒரு பணிக்காக ஆண்டுதோறும் ஊர்விட்டு ஊர் சென்று கூடுவானேன் என்னும் வினாவே இச்சொற்பொழிவின் பொருளாகும். இந்தியக் கணிதச் சங்கத்தின் வரலாற்றை முதன்மைச் சான்றாகவும், ஜெர்மனி, ஸ்காட்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் பட்டறிவைத் துணைச் சான்றாகவும் கொண்டு இங்கு அவ்வினா ஆராயப்படுகிறது.

1. நூல் தேடிப் பிறந்த சங்கம்

1906ஆம் ஆண்டின் இறுதியில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த அனந்தப்பூர் மாவட்டத்துக் குத்தியில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயர், கணிதத்தில் ஈடுபாடுடையோர் ஒன்றுசேர்ந்து சிறியதொரு சங்கம் காண வேண்டுமென்று மடல் வழியே வேண்டுகோள் விடுத்தார். ஐரோப்பாவில் வெளியாகும் ஆய்விதழ்களையும் புதிய நூல்களையும் தனியொருவர் தம் ஊதியத்தில் வாங்கிப் படிப்பது அரிதாகவும், கல்லூரி நூலகங்கள் பாடநூல்களைத் தாண்டிப் பெரிதும் வாங்காதனவாகவும் இருந்த காலம் அது. பலர் சந்தா செலுத்திப் பொதுநிதி ஒன்றைத் திரட்டி, அதைக் கொண்டு இதழ்களை வரவழைத்து, அவற்றை உறுப்பினர்களுக்கு அஞ்சல் வழியே சுற்றுக்கு விடுவது என்பதே அவ்வேண்டுகோளின் சாரம்.

இவ்வாறு 1907 ஏப்ரல் 4 அன்று 20 உறுப்பினர்களுடன் அனலிட்டிக் கிளப் என்னும் பெயரில் அமைப்பு தொடங்கியது. பூனாவின் பெர்குசன் கல்லூரி அதன் தலைமையிடமாகவும் நூலகமாகவும் அமைந்தது. சென்னைப் பொறியியல் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் பி. ஹனுமந்தராவ் முதல் தலைவரானார். சில ஆண்டுகளில் பெயர் மாறி இந்தியக் கணிதச் சங்கம் என்று நிலைபெற்ற இவ்வமைப்பில், கல்லூரிப் பேராசிரியர்களோடு வருவாய்த்துறை அலுவலர்களும் கணக்குத்துறை அலுவலர்களும் இடம்பெற்றிருந்தமை கருதத்தக்கது. நிறுவியவரே பேராசிரியர் பதவியில் இருந்தவர் அல்லர். வரிவசூலும் நிலவழக்கும் அலுவலாக இருக்க, வடிவியலை ஆர்வத்தால் பயின்றவர். பின்னாளில், 1950இல் சென்னையில் ராமானுஜன் கணித ஆய்வு நிறுவனம் தோன்றியபோது சங்கத்தின் நூலகம் பூனாவிலிருந்து அங்கு வந்து சேர்ந்தது.

இந்தத் தொடக்கத்திலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. சங்கம் கூட்டம் நடத்துவதற்காகப் பிறக்கவில்லை; நூற்பஞ்சத்தைத் தீர்ப்பதற்காகப் பிறந்தது. முதலில் நூலகமும், பின்னர் இதழும், அதற்கும் பின்னரே மாநாடும் வந்தன. முதல் மாநாடு சென்னையில் கூடியது 1916இல், அதாவது சங்கம் தோன்றி 9 ஆண்டுகள் கழிந்த பிறகு. ஆகவே மாநாட்டின் பயன் யாதென அறிய விழைவோர், அஞ்சலும் அச்சும் அந்த 9 ஆண்டுகளில் எவற்றைச் செய்துமுடித்தன, எவற்றைச் செய்ய இயலாமல் விட்டன என்பதை முதலில் காண வேண்டும்.

2. இதழின் வினாப்பகுதி

சங்கத்தின் இதழ் 1909இல் தொடங்கியது. பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பணியாற்றிய எம். டி. நாராயணையங்கார் அதன் ஆசிரியராக நெடுங்காலம் இருந்தார். கட்டுரைகளுக்கு ஒப்பான மதிப்பு அவ்விதழில் வினாப்பகுதிக்கும் இருந்தது. உறுப்பினர் ஒருவர் தாம் கண்ட கணக்கொன்றை விடையின்றி அனுப்புவார்; அது வரிசை எண்ணுடன் அச்சாகும்; பிறர் அனுப்பும் விடைகளுள் சிறந்தவை அடுத்துவரும் இதழ்களில் வெளியாகும். லண்டனில் வெளிவந்த எஜுகேஷனல் டைம்ஸ் போன்ற ஏடுகள் வளர்த்த மரபு இது. ஓர் ஊரில் தனித்திருக்கும் கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு ஆய்வுக்கட்டுரை எழுதப் பொழுதும் பயிற்சியும் இல்லாதிருக்கலாம். ஒரு வினாவை எழுப்பவும், பிறர் வினாவுக்கு விடை காணவும் அவரால் இயலும். சங்கத்திற்குள் நுழைவதற்கு மிகத் தாழ்ந்த படியாக அப்பகுதி அமைந்தது.

அந்தப் படியின் வழியே வந்தவர்களுள் தலைசிறந்தவர் சீனிவாச ராமானுஜன். 1911இல் பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதற்கட்டுரை அவ்விதழில் வெளிவந்தது. அதே ஆண்டில் அவருடைய வினாக்களும் வெளிவரத் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 60 வினாக்களாகப் பெருகின. 289ஆம் எண்ணிட்ட வினா, முடிவின்றி ஒன்றனுள் ஒன்றாக அடங்கிச் செல்லும் வர்க்கமூலங்களின் மதிப்பைக் கேட்டது:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

இதன் மதிப்பு 3. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அதற்கு முந்தைய எண்ணையும் அடுத்த எண்ணையும் பெருக்கி 1 கூட்டினால் அவ்வெண்ணின் வர்க்கம் கிடைக்கும் என்னும் எளிய உண்மையே இதற்கு அடிப்படை. 3இன் வர்க்கமாகிய 9 என்பது 1 + 2×4; ஆகவே 3 = √(1 + 2×4). அதிலுள்ள 4இன் வர்க்கம் 1 + 3×5 ஆதலால் 4 இருக்குமிடத்தில் √(1 + 3×5) என்று எழுதலாம். அதிலுள்ள 5இன் இடத்தில் √(1 + 4×6) என்று எழுதலாம். இவ்வாறே மேன்மேலும் விரித்துக்கொண்டு போனால் வினாவிலுள்ள வடிவம் தோன்றுகிறது. ஆறு மாதங்கள் வரை எவரிடமிருந்தும் விடை வராமையால் ராமானுஜனே அதை அனுப்பினார்.

ஆயினும் வினா அத்துடன் தீர்ந்துவிடவில்லை. இதே விரிக்கும் உத்தியை 4 என்னும் எண்ணிலிருந்து தொடங்கியும் கையாளலாம்: 4 = √(1 + 2×7.5) என்றெழுதி, 7.5ஐ மீண்டும் அவ்வாறே விரித்துக்கொண்டு போனால், வெளித்தோற்றத்தில் அதே முடிவிலா வடிவம் வந்து நிற்கும். அவ்வாறாயின் மதிப்பு 3 என்று கொள்வதற்கும் 4 என்று கொள்ளாமைக்கும் காரணம் என்ன? வடிவத்தை ஒவ்வொரு படியிலும் நறுக்கிக் கணக்கிட்டுப் பார்த்தால் 1, 1.73, 2.24, 2.56 என மதிப்புகள் ஏறிச் சென்று 3ஐ அணுகுகின்றன, 4ஐ அணுகுவதில்லை. ஒரு முடிவிலா வரிசை இவ்வாறு திட்டமான ஓர் எண்ணை நெருங்கிச் செல்வதைக் கணிதத்தார் ஒருங்குதல் என்பர். இத்தகைய அடுக்கு மூலங்கள் எப்போது ஒருங்கும், எப்போது ஒருங்கா என்பதற்குரிய பொதுவான விதியைத் தமிழகத்தைச் சேர்ந்த தி. விஜயராகவன் கண்டார், 1927இல் வெளிவந்த ராமானுஜன் கட்டுரைத் தொகுப்பின் குறிப்புகளில் அது இடம்பெற்றது. அதே விஜயராகவன்தான் பின்னர் ராமானுஜன் நிறுவனத்தின் முதல் இயக்குநரானார். ஒருவர் எழுப்பிய வினா அடுத்த தலைமுறையில் மற்றொருவரிடம் ஆழமான வினாவாக மாறிச் சேர்ந்ததற்கு இது தக்க சான்று.

1913இல் வெளிவந்த 464ஆம் வினா இன்னும் தொலைவு சென்றது. 2ஐத் தன்னோடு பலமுறை பெருக்கி வரும் எண்ணிலிருந்து 7ஐக் கழித்தால் எப்போது முழு வர்க்கம் கிடைக்கும் என்பது அவ்வினா. 8இலிருந்து 7ஐக் கழித்தால் 1, 16இலிருந்து கழித்தால் 9, 32இலிருந்து 25, 128இலிருந்து 121, பின்னர் நீண்ட இடைவெளிக்கு அப்பால் 2இன் 15ஆம் அடுக்காகிய 32,768இலிருந்து கழித்தால் 181இன் வர்க்கமான 32,761. இவ்வைந்தையும் சுட்டிய ராமானுஜன் வேறு உண்டா எனக் கேட்டார். இவற்றைத் தவிர வேறில்லை என்பதை நார்வே நாட்டுக் கணித அறிஞர் நாகெல் 1948இல் நிறுவினார். இன்று அவ்வினாவுக்குரிய சமன்பாடு இருவர் பெயரையும் இணைத்தே வழங்குகிறது. பள்ளி மாணவருக்கும் புரியும் ஒரு வினா 35 ஆண்டுகள் விடைக்குக் காத்திருந்தது.

3. கடிதம் கொண்டு சேர்த்த இடங்கள்

வினாவை அச்சிடுவதோடு சங்கம் வேறொரு பணியையும் செய்தது. 1910இல் ராமானுஜன் வேலை நாடித் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த ராமசாமி ஐயரைச் சென்று கண்டார். ராமானுஜனின் கணிதக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர், வருவாய்த்துறையின் கடைநிலை வேலை ஒன்றில் அவரை அமர்த்துவது அவர் திறத்தை முடக்குவதாகும் என்று கருதி, சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் தந்தனுப்பினார். பி. வி. சேஷு ஐயர், அவர் வழியே நெல்லூர் ஆட்சியர் ஆர். ராமச்சந்திர ராவ், பின்னர் 1912இல் ராமானுஜன் எழுத்தராகச் சேர்ந்த சென்னைத் துறைமுகக் கழகத்தில் எஸ். நாராயண ஐயர் எனத் தொடர்ந்த அச்சங்கிலியின் கண்ணிகள் யாவரும் சங்கத்தோடு தொடர்புடையவர்கள். ராமச்சந்திர ராவ் பின்னாளில் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார்.

இதழாசிரியரின் பங்கும் இங்குக் குறிக்கத்தக்கது. ராமானுஜனின் எழுத்து செறிவு மிகுந்து, படிகளைத் தாண்டிச் செல்வதாக இருந்தமையால், முதற்கட்டுரை அச்சேறும் முன் பலமுறை திருத்தத்திற்காகத் திரும்பி வந்தது. பிறர் பின்தொடரத்தக்க வகையில் ஒரு முடிவை எழுதிக் காட்டுவதும் கணிதத்தின் பகுதியே என்பதை அக்கண்டிப்பு கற்பித்தது. கேம்பிரிட்ஜ் அவரை அறியும் முன்பே அப்பயிற்சியை அளித்த அமைப்பு இது. 1916இல் சென்னையில் முதல் மாநாடு நிகழ்ந்தபோது ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்தார் என்பதும், மாநாடு தோன்றுவதற்கு முன்பே சங்கம் தன் தலையாய பணியைச் செய்துமுடித்துவிட்டது என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியவை.

4. மாநாடு எதற்கு?

நூலை அஞ்சல் தந்தது. வினாவை அச்சு பரப்பியது. ஆளைக் கடிதம் சேர்த்தது. அவ்வாறாயின் மாநாட்டுக்கு எஞ்சியது என்ன? மூன்றைக் கூறலாம்.

முதலாவது, முற்றும் நிறைவுறாத கருத்தைச் சொல்லிக் கேட்போரின் மறுப்பை அங்கேயே பெறுவது. அச்சுக்கு அனுப்பியவர் மறுப்பைப் பெற மாதங்கள் ஆகும். கூட்டத்தில் அது மறுநொடியே கிடைக்கும். ஜெர்மானியக் கணிதச் சங்கம் 1890இல் கேண்டரைத் தலைவராகக் கொண்டு அமைந்தது. மறு ஆண்டு ஹாலே நகரில் நடந்த அதன் முதல் ஆண்டுக் கூட்டத்தில் கேண்டர் தம் புகழ்பெற்ற மூலைவிட்ட முறையை முன்வைத்தார். இரண்டே எழுத்துகளை மாற்றி மாற்றி முடிவின்றி எழுதிச் செல்லும் வரிசைகள் அனைத்தையும் 1, 2, 3 என எண்ணிட்டுப் பட்டியலிட்டுவிட்டதாக ஒருவர் கூறுவாராயின், முதல் வரிசையின் முதல் எழுத்தையும், இரண்டாம் வரிசையின் இரண்டாம் எழுத்தையும், மூன்றாவதன் மூன்றாம் எழுத்தையும் எனத் தொடர்ந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மாற்றெழுத்தை எழுதினால், பட்டியலிலுள்ள எந்த வரிசையோடும் ஒத்துப்போகாத புதிய வரிசை உருவாகும். ஆகவே பட்டியல் முழுமையானது என்னும் கூற்று பொய்ப்படும். முடிவிலிகளிலும் சிறியது பெரியது உண்டு என்பதைச் சில வரிகளில் காட்டிய இவ்வாதம், கரும்பலகை முன் நின்று சொல்வதற்கே உரியது. கேண்டரின் கருத்துகளுக்குப் பெர்லினில் கடும் எதிர்ப்பு நிலவிய சூழலில், எந்தவொரு பல்கலைக்கழகத்தின் ஆதிக்கத்துக்கும் உட்படாத மேடை ஒன்றை அவர் விரும்பியதில் வியப்பில்லை.

இரண்டாவது, பொதுவில் ஒரு பணியை ஒப்படைப்பது. 1893ஆம் ஆண்டுக் கூட்டத்தில் அதே சங்கம் எண்கோட்பாட்டின் அன்றைய நிலையைத் தொகுத்து அறிக்கையாகத் தருமாறு ஹில்பர்ட், மின்கோவ்ஸ்கி ஆகிய இருவரையும் கேட்டுக்கொண்டது. ஹில்பர்ட் தம் பகுதியை 1897இல் முடித்தளித்தார். அது அறிக்கை என்னும் நிலையைக் கடந்து, அடுத்த தலைமுறையின் இயற்கணித எண்கோட்பாட்டுக்கு அடிப்படை நூலாயிற்று. தனியொருவர் தாமாகவே மேற்கொள்ளத் தயங்கும் நெடும்பணியை, பலர் கூடிக் கேட்கும்போது மேற்கொள்வதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

மூன்றாவது, துறைக்குள் நுழைவோரைத் துறையில் மூத்தோர் முன் நிறுத்துவது. சென்னைக்குப் பின் 1919இல் பம்பாயிலும், 1921இல் லாகூரிலும் எனப் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிவந்த இந்தியக் கணிதச் சங்க மாநாடு, 1951 முதல் ஆண்டுதோறும் ஒவ்வொரு நகரில் கூடிவருகிறது. அதன் தலைவர் இரண்டு உரைகளை நிகழ்த்துவது வழக்கம்: அனைவர்க்குமான பொதுவுரை ஒன்று, தம் ஆய்வுத்துறை பற்றிய சிறப்புரை மற்றொன்று. ராமசாமி ஐயர், ராமானுஜன், ஹன்ஸ்ராஜ் குப்தா, பி. எல். பட்நாகர் ஆகியோர் நினைவாக அமைந்த சொற்பொழிவுகளும், குறித்ததொரு பொருள் பற்றிய கருத்தரங்குகளும், உறுப்பினர் கட்டுரைகளும், இளம் ஆய்வாளருக்கான கட்டுரைப் போட்டியும் பொதுக்குழுவும் நிகழ்ச்சிநிரலில் இடம்பெறுகின்றன. இவற்றுள் வெளியார் கண்ணில் சிறியதாகப் படும் இளம் ஆய்வாளர் போட்டியே சங்கத்தின் பழைய வினாப்பகுதிக்கு நெருங்கிய உறவுடையது. பெயர் அறியப்படாத ஒருவர் பெயர்பெற்றோரின் கேள்விகளுக்கு விடைகூறி நிற்கும் இடம் அதுவே.

5. ஆசிரியரின் இடம்

கணிதச் சங்கங்களின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் தோன்றும் பூசல், ஆய்வாளருக்கும் ஆசிரியருக்கும் இடையிலான இடப்பங்கீடு பற்றியது. எடின்பரோக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் பள்ளி ஆசிரியர்கள் முதன்மையானவர்கள். காலப்போக்கில் பல்கலைக்கழகத்தாரின் கை அங்கு ஓங்கியது. அமெரிக்காவில் கல்லூரி ஆசிரியர்களுக்கான மாத இதழொன்றின் பொறுப்பை ஏற்க ஆய்வாளர்களின் சங்கம் முன்வராத நிலையில், 1915 டிசம்பரில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் தனியொரு சங்கம் பிறந்தது. நாடு பரந்ததாகையால் அது தன்னை வட்டாரக் கிளைகளாகப் பகுத்துக்கொண்டது; ஒஹாயோ, கன்சாஸ், மிசௌரி ஆகியவை முதற்கிளைகள். இன்றும் ஒவ்வொரு கிளையும் தன் எல்லைக்குள் ஆண்டுக் கூட்டம் நடத்துகிறது. ஒருநாள் பயணத்தில் சென்று சேரத்தக்க தொலைவில் கூட்டம் நடந்தாலன்றிச் சிறுநகரக் கல்லூரி ஆசிரியரால் கலந்துகொள்ள இயலாது என்பதை உணர்ந்த ஏற்பாடு இது.

இந்தியாவில் பிளவுக்கு மாறாக இரட்டை இதழ் என்னும் வழி கையாளப்பட்டது. 1932இல் பம்பாயில் வெள்ளிவிழா கொண்டாடிய சங்கம், மறு ஆண்டு முதல் ஆய்வுக்கென ஓர் இதழும், மாணவர்க்கும் ஆசிரியர்க்குமென மேத்தமேட்டிக்ஸ் ஸ்டூடண்ட் என்னும் இதழுமாகத் தன் வெளியீட்டைப் பகுத்தது. பின்னதன் முதல் ஆசிரியர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆ. நரசிங்க ராவ். பள்ளி ஆசிரியர்களுக்கென 1965இல் சென்னையில் இந்தியக் கணித ஆசிரியர் கழகம் தோன்றியது. அதன் மாநாடுகளும், மாணவர்க்கு அது நடத்தும் திறன் தேர்வுகளும், அதன் இளையோர் இதழை வளர்த்த பி. கே. சீனிவாசனின் உழைப்பும் தமிழகப் பள்ளிகளில் கணித ஆர்வத்தைப் பரப்பின. எனினும் ஆய்வாளரும் பள்ளி ஆசிரியரும் ஒரே அரங்கில் அமரும் வாய்ப்பு இப்பகுப்பினால் குறைந்தது. ஒரு துணை ஆட்சியரும் கணக்கர் ஒருவரும் பேராசிரியர்களும் ஒரே வினாவோடு மல்லுக்கட்டிய சங்கத்திற்கு இது சிறிய இழப்பன்று.

6. எண்ணிக்கையும் மதிப்பும்

இன்றைய மாநாடுகள் உறுப்பினர் எண்ணிக்கையிலும் கட்டுரை எண்ணிக்கையிலும் பெருகியுள்ளன. ஒரே நேரத்தில் பல அரங்குகளில், கட்டுரை ஒன்றுக்குச் சில நிமிடங்களே என்னும் கணக்கில் அமர்வுகள் நடக்கின்றன; தம் முறை முடிந்தவர் சான்றிதழ் வாங்கிக்கொண்டு புறப்பட, கடைசியாகப் பேசுபவருக்கு அமர்வுத் தலைவரும் அடுத்த அமர்வுக்கு வந்து காத்திருப்போருமே கேட்போராக எஞ்சுவது பல மாநாடுகளில் காணும் காட்சி. இதற்கு ஆய்வாளர்களின் ஆர்வக்குறைவை மட்டும் காரணம் கூறுவது பொருந்தாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஆசிரியரின் பதவி உயர்வுக்கு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்து, மாநாட்டில் கட்டுரை வாசிப்பதற்கும் மதிப்பெண் அளித்தன. அவற்றின்படி வாசித்தவருக்குத் தனி மதிப்பெண் இருந்தது, நல்ல வினாவை எழுப்பியவருக்கு இல்லை. பேசுவதற்கு ஊக்கமும் கேட்பதற்கு ஊக்கமின்மையும் ஒருங்கே அமைந்தால் கூட்டம் எவ்வாறு அமையுமோ அவ்வாறே அமைந்திருக்கிறது.

கணினி வலையின் வரவால் நூற்பஞ்சம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. 1906இல் ராமசாமி ஐயர் சந்தா திரட்டிப் பெற விழைந்த இதழ்களுள் பலவற்றை இன்று ஒரு மாணவர் தம் கைப்பேசியிலேயே படிக்கலாம். முடிந்த முடிவுகளைப் பரப்பும் பணியும் மாநாட்டின் கையை விட்டுப் போய்விட்டது. எஞ்சியிருப்பவை மேற்கூறிய மூன்றே: உடனுக்குடன் பெறும் மறுப்பு, பொதுவில் ஒப்படைக்கும் பணி, புதியோரின் நுழைவு. இம்மூன்றுக்கும் நிகழ்ச்சிநிரலில் எவ்வளவு பொழுது ஒதுக்கப்படுகிறது என்பதே ஒரு மாநாட்டின் தரத்தை அளக்கும் கோலாக வேண்டும்.

இக்கோலை ஏற்கும் வட்டாரச் சங்கங்கள் செய்யத்தக்கவை பெருஞ்செலவு வேண்டாதவை. வாசிக்கும் கட்டுரைகளைப் பாதியாகக் குறைத்து ஒவ்வொன்றுக்கும் பேசும் பொழுதுக்கு நிகராகக் கேள்விப் பொழுதை ஒதுக்குவதும், விடை தெரியாத வினாக்களை மட்டுமே முன்வைக்கும் தனி அமர்வு ஒன்றைப் பள்ளி ஆசிரியருக்கும் மாணவருக்கும் திறந்துவைப்பதும், அவ்வமர்வைத் தமிழ் முதலிய வட்டார மொழிகளில் நடத்துவதும், ஒரு துறையின் நிலையைத் தொகுத்தெழுதும் பொறுப்பை ஆண்டுதோறும் ஒருவரிடம் பொதுக்குழுவிலேயே ஒப்படைப்பதும் அவற்றுள் அடங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுந்த வினாக்களை வரிசை எண்ணிட்டு ஆண்டறிக்கையில் அச்சிட்டு, அடுத்த மாநாட்டின் முதல் நிகழ்ச்சியாக அவற்றுள் எவை தீர்ந்தன, எவை திருத்தம் பெற்றன, எவை நிலுவையில் உள்ளன என்னும் கணக்கைப் பொதுக்குழுவின் முன் வைக்கலாம். வரவுசெலவுக் கணக்கைத் தவறாமல் நிறைவேற்றும் சங்கங்களுக்கு இந்த இரண்டாம் கணக்கைப் பேணுவது அரிதன்று. ஆண்டுதோறும் கூடுவதற்கான நியாயத்தை உறுப்பினருக்குக் காட்டும் சான்றும் அதுவே.